பெயர் இல்லாத தேவாலய ஜன்னல்கள்: செய்தவர் யார் என்று எங்கிருந்து தேடத் தொடங்குவது?

சாளரக்கல் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஒரு பழைய ஆங்கிலிகன் தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களுக்குப் பட்டியல் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். மற்றவை எல்லாம் ஓரளவு முடிந்துவிட்டன, இரண்டு மட்டும் பிடி கொடுக்க மறுக்கின்றன.

தெற்குச் சுவரில் இருப்பது மூன்று பிரிவு கொண்டது. நடுவில் புனித ஜார்ஜ், இரண்டு பக்கமும் தேவதூதர்கள். சிறகுகள் மயிலிறகு மாதிரி, அங்கியின் ஓரமெல்லாம் முத்து வைத்துத் தைத்ததுபோல வரைந்திருக்கிறார்கள். கீழே ஒருவரின் நினைவு வாசகம், அவர் இறந்த ஆண்டு 1896. வடக்குச் சுவரில் இருப்பது நல்ல சமாரியன் கதை. சிவப்பும் நீலமும் நேற்று வைத்த மாதிரி பளிச்சென்று இருக்கின்றன, ஆனால் முகங்கள் மட்டும் அழிந்து வெறும் வெளிர் கண்ணாடியாக நிற்கின்றன. அதில் 1868 என்று இருக்கிறது.

இரண்டிலும் கையெழுத்து எதுவும் கண்ணில் படவில்லை. தேவாலயக் கையேட்டில் முதலாவதற்கு 'கெம்பே, 1896' (லண்டனில் கண்ணாடிப் பட்டறை நடத்தியவர்) என்றும் இரண்டாவதற்கு 'லண்டன் வேலைப்பாடு' என்றும் போட்டிருக்கிறார்கள். யார் சொல்லி அப்படி எழுதினார்கள் என்பதற்கு ஒரு தடயமும் இல்லை. இதை அப்படியே எடுத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

ஈயப்பட்டை எழுதியது:

நல்ல வேலையைக் கையில் எடுத்திருக்கிறீர்கள். முதல் காரியமாக அந்த 1896-ஐயும் 1868-ஐயும் 'வாசகத்தில் உள்ள ஆண்டு' என்று தனிக் கட்டத்தில் எழுதுங்கள். ஜன்னலின் ஆண்டு என்ற கட்டத்தைக் காலியாக விடுங்கள். நினைவு ஜன்னலில் இருப்பது பெரும்பாலும் ஒருவர் இறந்த ஆண்டு. மகன் வளர்ந்து சம்பாதித்துப் பதினைந்து வருடம் கழித்து அப்பா பெயரில் ஜன்னல் வைத்திருக்கலாம், அல்லது விதவை இறந்தபின் அவர் உயிலில் விட்டுப்போன பணத்தில் இருவருக்கும் சேர்த்து வைத்திருக்கலாம். இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்காததால் தவறான ஆண்டு போட்ட கையேடுகள் நான் பார்த்த வரையில் ஏராளம்.

அடுத்து, கையெழுத்து இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் இன்னொரு முறை பாருங்கள். எல்லாரும் பெயரை எழுத்தில் போடமாட்டார்கள், சின்னமாகப் போடுவார்கள். கெம்பே என்றால் கோதுமைக் கதிர்க்கட்டு. நினியன் காம்பர் என்றால் ஸ்ட்ராபெரிச் செடி: அவருடைய தந்தை ஒரு பாதிரியார், 1903-ல் அபர்டீன் பூங்காவில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஸ்ட்ராபெரி கொடுத்துக்கொண்டிருந்தபோது உயிர் நீத்தார், அந்த நினைவுதான் மகனுடைய ஜன்னல்களில் செடியாக வளர்கிறது. வெப் சகோதரர்களில் ஜெஃப்ரி சிலந்தி வலை போடுவார், கிறிஸ்டஃபர் தன் பெயர்கொண்ட புனிதரைக் குட்டியாக வரைவார். பவல் கம்பெனியின் இருபதாம் நூற்றாண்டு ஜன்னல்களில் வெள்ளை அங்கி அணிந்த துறவி ஒருவர் ஓரத்தில் நிற்பார், அவர்களுடைய கண்ணாடி உலையின் பெயர் வைட்ஃபிரையர்ஸ் என்பதால்.

இவை எல்லாம் பெரும்பாலும் சுண்டுவிரல் நக அளவில் இருந்து கட்டைவிரல் அளவு வரைதான். கீழ்மூலை இரண்டையும் முதலில் பாருங்கள், பிறகு ஓர வரிசையில் இலையும் பூவும் திரும்பத் திரும்ப வரும் இடத்தில் ஏதாவது ஒன்று மட்டும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். கல் சட்டத்துக்குள் பாதி மறைந்தும் இருக்கும். மேகமூட்டமான நாளில் போய், வெளிச்சமான இடத்துக்கு ஏற்ப எக்ஸ்போஷர் வைத்து, முக்காலியில் கேமராவை நிறுத்தி, ஒவ்வொரு மூலையையும் தனித்தனியாக நெருக்கமாக எடுங்கள். அப்புறம் வெளியே போய் அதே ஜன்னலை வெளிப்பக்கத்திலிருந்தும் எடுங்கள். உள்ளே தெரியாத பழுது, மாற்றிய துண்டு, புதிய ஈயம் எல்லாம் வெளியில் தெரியும்.

மயில்சிறகு எழுதியது:

தெற்கு ஜன்னல் கெம்பே பட்டறைதான், சந்தேகமே வேண்டாம். மயிலிறகுச் சிறகும் முத்து ஓரமும் அந்தப் பட்டறையின் முகவரி மாதிரி. கூடவே பச்சையும் பழுப்பு மஞ்சளும் கலந்த நிறம், அடர்த்தியான வெள்ளிச் சாயம் (சுட்டால் கண்ணாடியில் மஞ்சளாக ஊறுவது), பதினைந்தாம் நூற்றாண்டு வடக்கு ஐரோப்பிய ஓவியத்தில் வருவது போன்ற கனமான துணி மடிப்புகள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம்.

பழையஏடு எழுதியது:

மயில்சிறகு சார், உங்கள் கண்ணின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் 'பட்டறை' என்று நீங்கள் எழுதியது கையேட்டுக்குள் போகும்போது 'கெம்பே செய்தது' என்று ஆகிவிடுகிறது, கூடவே 1896-ம் ஒட்டிக்கொள்கிறது. அடுத்தவர் அதைப் பார்த்து எழுதுவார், அவரைப் பார்த்து இன்னொருவர் எழுதுவார். இருபது வருடத்தில் அது வரலாறாகிவிடும். அதனால் கண்ணுக்கு முன்னால் காகிதம் என்பது என் பிடிவாதம்.

சாளரக்கல், ஆங்கிலிகன் தேவாலயம் என்று சொல்லிவிட்டீர்கள், அது நல்லது. இங்கிலாந்து திருச்சபையில் கட்டடத்தில் ஜன்னல் வைப்பது போன்ற மாற்றம் செய்ய மறைமாவட்டத்திடம் ஃபேகல்ட்டி எனப்படும் அனுமதி வாங்க வேண்டும். அந்தக் கோப்பில் விண்ணப்பம், யார் பணம் தருகிறார், சில நேரம் பட்டறை அனுப்பிய வண்ண வரைபடம் எல்லாம் இருக்கும். பெரும்பாலும் மறைமாவட்டக் கோப்புகள் மாவட்ட ஆவணக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டிருக்கும். மற்ற இடங்களிலும் மற்றச் சபைகளிலும் இந்த முறை அப்படியே இருக்காது. அங்கே நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்பேடு, கணக்குப் புத்தகம், பங்குப் பத்திரிகை, நன்கொடையாளர் குடும்பத்தின் கடிதங்கள் ஆகியவற்றைத்தான் நம்ப வேண்டும்.

அப்புறம் பழைய செய்தித்தாள்கள். விக்டோரியா காலத்தில் ஒரு ஜன்னலை அர்ப்பணம் செய்தால் உள்ளூர்ப் பத்திரிகையில் அரைப் பத்தியாவது வரும், கடைசி வரியில் 'இந்த வேலையைச் செய்தவர்கள் மெஸர்ஸ் இன்னார்' என்று இருக்கும். தேடும்போது தேவாலயத்தின் பெயரோடு நிறுத்தாமல் இறந்தவர் பெயர், நன்கொடையாளர் பெயர், அப்போதிருந்த பாதிரியார் பெயர் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். ஸ்கேன் செய்த பழைய அச்சில் எழுத்து சிதைந்திருக்கும், ஒரே சொல் பத்து விதமாகப் பதிவாகியிருக்கும். 'தி பில்டர்' மாதிரியான கட்டடத் தொழில் வார இதழ்களிலும் ஜன்னல் செய்திகள் வரும்.

பட்டறைப் பக்கமிருந்தும் தேடலாம். பவல் கம்பெனியின் ஆர்டர் புத்தகங்கள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் காப்பகத்தில் இருக்கின்றன. பர்மிங்ஹாமில் ஹார்ட்மன் கம்பெனியின் பேரேடுகளும் கடிதங்களும் முழு அளவு வரைபடங்களும் பெருமளவு தப்பியிருக்கின்றன. டப்ளினின் ஹாரி கிளார்க் பட்டறை ஆவணங்கள் டிரினிட்டி கல்லூரியில் உள்ளன. பாஸ்டனின் சார்லஸ் கானிக் பட்டறைத் தொகுப்பில் பெரும்பகுதி எம்.ஐ.டி. நூலகத்தில் உள்ளது. ஆனால் லண்டனிலும் மியூனிக்கிலும் குண்டுவீச்சில் போன பட்டறை ஏடுகள் எத்தனையோ. பர்லிசன் அண்ட் கிரில்ஸ் பட்டறையின் ஆவணங்களில் பெரும்பகுதி அப்படித்தான் போயிற்று. அந்தப் பட்டறைகளுக்குத் தேவாலயப் பக்கத்துக் காகிதமே கதி.

ஒரு எச்சரிக்கை. ரசீதில் இருக்கும் பெயர் செய்தவர் பெயராகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. பலிபீடத் துணியிலிருந்து வெண்கல விளக்கு வரை விற்கும் தேவாலயப் பொருள் நிறுவனங்கள் ஜன்னலுக்கும் ஆர்டர் பிடித்து, வேறு பட்டறையில் செய்து வாங்கித் தந்ததுண்டு. கட்டடக் கலைஞர் வழியாகப் பணம் போயிருந்தால் குறிப்பேட்டில் அவர் பெயர் மட்டுமே நிற்கும்.

தூரிகைமுனை எழுதியது:

நான் பழுதுபார்க்கும் பக்கத்தில் இருப்பவள், அதனால் வடக்கு ஜன்னலைப் பற்றிச் சொல்கிறேன். முகம் அழிந்து நிறம் மட்டும் நிற்பது அந்தக் காலத்து ஜன்னல்களில் அடிக்கடி காணும் நோய். வண்ணக் கண்ணாடியில் நிறம் கண்ணாடிக்குள்ளேயே உருக்கிச் சேர்த்தது, அது எங்கும் போகாது. முகம், கை, துணியின் நிழல் ஆகியவை இரும்பு அல்லது தாமிர ஆக்சைடும் பொடித்த கண்ணாடியும் கலந்த கரும்பூச்சால் வரைந்து சூளையில் சுட்டவை. 1860-களிலும் 70-களிலும் சில பட்டறைகள் அந்தப் பூச்சில் போராக்ஸ் சேர்த்தார்கள், குறைந்த சூட்டில் உருகும், வேலை சீக்கிரம் முடியும் என்று. ஜன்னலின் உட்பக்கத்தில் குளிர்காலத்தில் நீர் படிந்து படிந்து பூச்சு மெல்லக் கரைந்துபோயிற்று. எனவே உங்கள் 1868 ஜன்னலின் அழிவே ஒரு சாட்சி. ஆண்டை உறுதி செய்யாது, ஆனால் அந்தக் காலத்தோடு ஒத்துப்போகிறது.

அழிந்த முகத்தைக் கைவிட்டுவிடாதீர்கள். பக்கவாட்டிலிருந்து சாய்வாக டார்ச் அடித்துப் பாருங்கள், பூச்சு இருந்த இடத்தில் கண்ணாடியின் மேற்பரப்பு கொஞ்சம் மங்கலாக இருக்கும். மூக்குக் கோடும் கண்ணிமையும் பேய் மாதிரி எழும்பி வரும். அதைப் படம் எடுத்துவிட்டால் பின்னால் ஒப்பிடப் பயன்படும். கையால் தொடாதீர்கள், துடைக்காதீர்கள். ஒட்டியிருப்பதும் வந்துவிடும்.

கண்ணாடியே சொல்லும் வேறு சில சங்கதிகளும் உண்டு. வெள்ளிச் சாயம், அதாவது வெள்ளி உப்பைப் பூசிச் சுட்டால் கண்ணாடியில் ஊறும் அந்த மஞ்சள், ஐரோப்பாவில் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஜன்னல்களுக்கு வந்தது. பழையது என்று சொல்லப்படும் ஒரு துண்டில் அது இருந்தால் பன்னிரண்டாம் நூற்றாண்டு என்று எழுத முடியாது. துண்டின் ஓரத்தைப் பாருங்கள்: பறவை கொத்தியது போலச் சின்னச் சின்னப் பிறைகளாக இருந்தால் இடுக்கி மாதிரியான இரும்பால் கடித்துக் கடித்து உருவம் கொடுத்திருக்கிறார்கள், வைரம் வைத்துக் கீறிய ஓரம் நேராக இருக்கும். 1889-ல் எட்வர்ட் பிரையர் என்ற கட்டடக் கலைஞர் ஒரு தடித்த கண்ணாடியை உருவாக்கினார். பெட்டி மாதிரி அச்சுக்குள் ஊதி, நான்கு பக்கங்களையும் வெட்டி எடுப்பது அது. நடுவில் கனம், ஓரத்தில் மெலிவு, அதனால் ஒரே துண்டுக்குள் நிறம் ஆழ்ந்தும் வெளிறியும் ஓடும். கிறிஸ்டஃபர் வால் போன்றவர்கள் அதை விரும்பிப் பயன்படுத்தினார்கள். ஒரு ஜன்னலின் முக்கிய உருவங்களில் அது இருந்தால் 1889-க்கு முன் போக முடியாது. தொட்டுப் பார்க்காமலே, வெளியே பக்கவாட்டு வெளிச்சத்தில் அதன் மேடு பள்ளம் தெரியும்.

ஈயத்தைப் பற்றி ஒன்று. பதினாறாம் நூற்றாண்டிலிருந்து ஈயப் பட்டையைச் சின்ன ஆலையில் இழுத்துச் செய்தார்கள். அந்த ஆலைச் சக்கரத்தில் சிலர் பெயரெழுத்தையும் ஆண்டையும் வெட்டி வைத்திருந்தார்கள், அது பட்டையின் உள்பள்ளத்தில் சிறு எழுத்தாகப் பதிந்துவிடும். ஜன்னலைப் பிரித்து மறு ஈயம் போடும்போதுதான் தெரியும். அப்போது யாராவது பக்கத்தில் இருந்து படம் எடுக்காவிட்டால் பழைய ஈயம் உருக்கப் போய்விடும், அதோடு எழுத்தும் போய்விடும். உங்கள் தேவாலயத்தில் எப்போதாவது பழுதுவேலை நடந்தால் ஒப்பந்தத்திலேயே 'கழற்றும் ஈயத்தின் உட்புறம் பார்க்கப்பட வேண்டும்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஆனால் அந்த ஆண்டு சக்கரத்தின் ஆண்டு, ஜன்னல் அதற்குச் சற்றுப் பிந்தியதாக இருக்கும்.

கண்ணாடியில் கூரான முனையால் கீறிய பெயர் கிடைத்தால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். பழுதுபார்க்க வந்தவர்கள் தங்கள் பெயரையும் தேதியையும் கீறிவிட்டுப் போவது பழைய வழக்கம். சுட்ட பூச்சில் எழுதியிருக்கிறதா, சுட்ட பிறகு கீறியிருக்கிறதா என்று பாருங்கள்.

சாளரக்கல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. குறிப்பேடு இருக்கும் அலமாரியின் சாவி கிடைத்துவிட்டது. அடுத்த முறை போகும்போது மூலைகளையும் எடுத்து வருகிறேன். ஒரு சந்தேகம்: பட்டியலில் 'செய்தவர்' என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. பட்டறை பெயரை எழுதுவதா, வரைந்தவர் பெயரை எழுதுவதா?

ஈயப்பட்டை எழுதியது:

அந்த ஒற்றைக் கட்டம்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். குறைந்தது மூன்றாகப் பிரியுங்கள்: வடிவமைத்தவர், செய்த பட்டறை, பிற்காலத்தில் பழுதுபார்த்தவர்.

இங்கிலாந்தின் டூட்லி கிராமத் தேவாலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு ஜன்னல்களும் மார்க் ஷகாலுடையவை, 1967-ல் முதலாவது வந்தது, 1985-ல் வேலை நிறைவடைந்தது. ஷகாலின் பெயரைக் கேட்டுத்தான் கூட்டம் வருகிறது. ஆனால் அவருடைய வண்ண ஓவியத்தைக் கண்ணாடியாக மாற்றியவர் பிரான்சின் ரீம்ஸ் நகரத்துப் பட்டறையைச் சேர்ந்த ஷார்ல் மார்க். எந்த நீலத்தை எங்கே வெட்டுவது, ஈயக் கோடு எப்படி ஓடுவது என்பதில் அவர் கை இருக்கிறது, அதன் மேல் ஷகால் தூரிகை பிடித்தார். இதில் ஒரு பெயரை விட்டால் உண்மையில் பாதி போய்விடும்.

பழங்காலத்திலும் இதே கதைதான். யார்க் மின்ஸ்டர் பேராலயத்தின் கிழக்குப் பெருஞ்சாளரத்துக்கு 1405-ல் கவென்ட்ரி ஜான் தார்ன்டனோடு போட்ட ஒப்பந்தத்தின் விவரம் நமக்குத் தெரியும்: மூன்று வருடத்தில் முடிக்க வேண்டும், வாரம் நான்கு ஷில்லிங், வருடத்துக்கு ஐந்து பவுன், நன்றாக முடித்தால் மேலும் பத்து பவுன். சில பகுதிகளை அவர் தன் கையாலேயே வரைய வேண்டும் என்றும் நிபந்தனை, அப்படியென்றால் மற்றதை வரைந்தது வேறு கைகள். சாளரத்தின் உச்சியில் 1408 என்ற ஆண்டும் அவருடைய பெயரெழுத்தும் இருக்கின்றன. காகிதமும் கண்ணாடியும் இப்படி ஒன்றையொன்று கைபிடிப்பது மிக அபூர்வம். அங்கேகூட அந்தப் 'பிற கைகள்' யாருடையவை என்பதற்குப் பெயர் இல்லை.

விடிவெள்ளி எழுதியது:

இழையைத் தொடர்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன், பெண்கள் விஷயத்தை யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். பட்டறை பெயரோடு நிறுத்திக்கொண்டால் முதலில் காணாமல்போகிறவர்கள் பெண் கலைஞர்கள். லண்டனில் மேரி லவுண்ட்ஸ் 1897-ல் ட்ரூரியோடு சேர்ந்து ஒரு பட்டறை தொடங்கினார், 1906-ல் ஃபுலமில் 'கிளாஸ் ஹவுஸ்' என்ற கட்டடத்துக்கு அது மாறியது. சொந்தச் சூளை வைக்க வசதி இல்லாத கலைஞர்கள் அங்கே இடமெடுத்து, தாங்களே வரைந்து, தாங்களே கண்ணாடி தேர்ந்து, தாங்களே பூசினார்கள். மார்கரெட் ஆக்னஸ் ரோப், வில்ஹெல்மினா கெடிஸ் எல்லாரும் அங்கே வேலை செய்தவர்கள். டப்ளினில் சாரா பர்சர் 1903-ல் தொடங்கிய 'அன் தூர் க்ளினே' பட்டறையும் அப்படித்தான், ஒவ்வொரு ஜன்னலும் ஒரே கலைஞர் பொறுப்பில். ரசீதில் 'லவுண்ட்ஸ் அண்ட் ட்ரூரி' என்று பார்த்துவிட்டு அதோடு நிறுத்தினால் உள்ளே இருக்கும் உண்மையான பெயர் வெளியே வராது. அந்தக் காலத்து ஜன்னல் என்றால் ஒரு படி மேலே தேடுங்கள்.

பழையஏடு எழுதியது:

விடிவெள்ளி சொன்னதை அப்படியே ஆமோதிக்கிறேன்.

பழுதுபார்த்தவர் என்ற கட்டம் ஏன் வேண்டும் என்பதற்கு வின்செஸ்டர் கல்லூரிச் சிற்றாலயத்தைப் பாருங்கள். பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஆக்ஸ்ஃபோர்டு தாமஸ் என்ற கண்ணாடிக் கலைஞர் செய்த ஜன்னல். அதில் தன்னையே ஒரு சிறு உருவமாகப் பெயரோடு வரைந்திருக்கிறார். 1820-களில் அதைச் சுத்தம் செய்து ஈயம் மாற்ற ஷ்ரூஸ்பரியின் பெட்டன் அண்ட் எவன்ஸ் பட்டறைக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தது பெரும்பாலும் புதிய நகல். பழைய கண்ணாடி சிதறி விற்றுப்போய், சில பகுதிகள் பிறகு அருங்காட்சியகத்தில் வந்து சேர்ந்தன. தாமஸின் பெயர் எழுதிய ஜன்னல், ஆனால் இன்று அங்கே நிற்பதில் பெரும்பகுதி தாமஸ் தொட்ட கண்ணாடி அல்ல.

இடம் மாறிய ஜன்னல்களும் உண்டு. லிச்ஃபீல்டு பேராலயத்தில் இருக்கும் பெல்ஜியக் கண்ணாடி 1530-களில் ஹெர்கென்ரோடு மடத்துக்காகச் செய்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் மடங்கள் மூடப்பட்டபோது சர் ப்ரூக் பூத்பி 1802-ல் இருநூறு பவுனுக்கு வாங்கிக் கொண்டுவந்தார். அந்தச் சில வருடங்களில் கலைக்கப்பட்ட மடங்களின் கண்ணாடி மூட்டை மூட்டையாக இங்கிலாந்துக்கு வந்து எத்தனையோ கிராமத் தேவாலயங்களில் ஒட்டுப்போட்டு வைக்கப்பட்டது. ஆகையால் ஒரு ஜன்னல் அந்தக் கட்டடத்தைவிடப் பழையதாக இருந்தால் நன்கொடைப் புத்தகத்தோடு நிற்காமல் ஏல அறிவிப்புகளையும் பாருங்கள்.

மயில்சிறகு எழுதியது:

கண்ணை நம்புவதைப் பற்றிப் பழையஏடு எழுதியதற்குப் பதில் சொல்ல வேண்டும். காகிதம் எரிந்துபோன பட்டறைகள் எத்தனை என்று நீங்களே சொன்னீர்கள். அங்கே என்ன செய்வது? கண்ணால் பார்ப்பதுதான் ஒரே வழி, ஆனால் முறையாகப் பார்க்க வேண்டும். காண்டர்பரி பேராலயத்தில் நடந்தது நல்ல உதாரணம். அங்குள்ள கிறிஸ்துவின் முன்னோர் வரிசையில் சில உருவங்கள் மற்றவற்றைவிடப் பழையவை என்று 1980-களிலேயே கலை வரலாற்றாளர் மேடலின் கேவினஸ் பாணியை வைத்துச் சொன்னார். 2021-ல் கையடக்க எக்ஸ்-கதிர்க் கருவியை வைத்துக் கண்ணாடியைச் சேதப்படுத்தாமல் அதன் வேதியியலை ஆராய்ந்தபோது அவற்றில் சில 1174 தீவிபத்துக்கு முன்பே, 1130-க்கும் 1160-க்கும் இடையில் செய்தவையாக இருக்கலாம் என்று வந்தது. கண் முதலில் பார்த்தது, கருவி பின்னால் வந்து சேர்ந்தது.

ஆனால் முகத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், அது என் அனுபவத்தில் மிகவும் ஏமாற்றக்கூடியது. கலைஞர்கள் பட்டறை விட்டுப் பட்டறை போவார்கள். ஹென்றி ஹாலிடே பவலுக்கும் வரைந்தார், லேவர்ஸ் அண்ட் பேரோவுக்கும் வரைந்தார், ஹீட்டன், பட்லர் அண்ட் பெய்னுக்கும் வரைந்தார். பர்ன்-ஜோன்ஸ் மாரிஸ் கம்பெனிக்கு முன்னால் பவலுக்கு வரைந்தவர். அவர் 1898-ல் இறந்தபின்னும் 1940-ல் மூடும் வரை மாரிஸ் கம்பெனி அவருடைய வரைபடங்களையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தியது. பர்லிசனும் கிரில்ஸும் கிளேட்டன் அண்ட் பெல்லில் பயின்றவர்கள், கெம்பேயும் அங்கே கொஞ்ச காலம் இருந்தவர். ஒரே குடும்பத்துச் சாயல் எல்லாரிடமும் இருக்கும்.

அதனால் நான் பார்ப்பது யாரும் கவனிக்காத இடங்களை. உருவத்துக்கு மேலே வரும் விதானத்தின் கூம்புகள், பின்னணியில் கொடிப்பின்னல், ஓரப் பட்டையில் எந்த இலை எந்த வரிசையில் மாறி மாறி வருகிறது, வாசகத்தின் எழுத்து வடிவம், கல்லால் ஆன மேல்துளைகளில் என்ன நிரப்பியிருக்கிறார்கள். முகத்தைப் பெரிய கலைஞர் வரைவார், இவற்றைப் பட்டறையின் நிரந்தர ஆட்கள் வருடக்கணக்கில் ஒரே பழக்கத்தில் வரைவார்கள். மியூனிக் ஜன்னல் என்றால் மேயர், ட்சட்லர் பாணியில் காட்சி பிரிவுகளைத் தாண்டி ஒரே ஓவியமாக ஓடும், ஆழமான தூரக்காட்சி இருக்கும். அமெரிக்காவில் பால் மாதிரி மங்கலான ஓபலசென்ட் கண்ணாடி, துணி மடிப்பையே கண்ணாடியை மடித்துச் செய்தது, பின்னால் அடுக்கடுக்காகத் துண்டுகள் என்றால் லா ஃபார்ஜ், டிஃபனி காலம். ஆனால் அந்தக் கண்ணாடியை வைத்து மட்டும் டிஃபனி என்று எழுதிவிடக் கூடாது, அந்த முறையைப் பின்பற்றிய பட்டறைகள் நிறைய. டிஃபனி ஸ்டூடியோஸ் 1910-ல் தன் ஜன்னல்களுக்கு ஒரு பகுதிப் பட்டியல் அச்சிட்டது, முதலில் அதைப் பாருங்கள்.

தூரிகைமுனை எழுதியது:

மயில்சிறகு சார் சொன்ன ஓரப் பட்டைக் கணக்கு நிஜம். பழுதுபார்க்கும்போது ஒரு முகத்தை மாற்றியிருப்பார்கள், யாரும் ஓரத்து இலையை மாற்ற மெனக்கெட மாட்டார்கள். பழைய கை அங்கேதான் இருக்கும்.

சாளரக்கல் எழுதியது:

போய் வந்துவிட்டேன். தெற்கு ஜன்னலின் இடது கீழ்மூலையில் ஒரு பழைய மரப் பலகை நிற்கிறது, அதை நகர்த்த அனுமதி வாங்கினேன். கல் சட்டத்துக்கு அருகே, தூசிக்குள், கதிர்க்கட்டு இருக்கிறது! படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கதிரின் மேலேயே கறுப்பாக ஒரு சின்னக் கோபுரமும் தெரிகிறது. அது பழுதா, பூச்சு உதிர்ந்ததா என்று முதலில் நினைத்தேன், ஆனால் கோபுரத்தின் மேல் விளிம்பு வெட்டுவெட்டாகத் தெளிவாக இருக்கிறது. படத்தை இணைத்திருக்கிறேன்.

குறிப்பேட்டில் 1896-ஐ ஒட்டிய வருடங்களில் ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. தொடர்ந்து புரட்டியதில் 1910-ல் 'மகள் தன் தந்தையின் நினைவாகத் தர விரும்பும் ஜன்னலின் வரைபடம் குழுவுக்குக் காட்டப்பட்டது, ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று இருக்கிறது. தந்தை, வாசகத்தில் உள்ள அதே பெயர். பட்டறை பெயர் எழுதவில்லை.

ஈயப்பட்டை எழுதியது:

அருமை! அந்தக் கோபுரம்தான் விஷயமே. கெம்பே 1907-ல் காலமானார். அதன்பின் அவருடைய உறவினர் வால்டர் டவர் 'கெம்பே அண்ட் கோ' என்ற பெயரில் பட்டறையை நடத்தினார், 1934-ல் மூடும் வரை. டவர் வந்தபின் கதிர்க்கட்டின் மேல் கோபுரத்தை ஏற்றினார்கள். வெறும் கதிர்க்கட்டு மட்டும் இருந்தால் ஏறக்குறைய 1895-லிருந்து 1907 வரை. உங்களுடையது அதற்குப் பின்னால், 1910 குறிப்போடு அச்சாகப் பொருந்துகிறது.

மயில்சிறகு எழுதியது:

மகிழ்ச்சி. பட்டறை சரி, ஆளும் ஆண்டும் கையேட்டில் தவறு. உருவங்களை வரைந்தது பட்டறையின் தலைமை ஓவியர் ஜான் லிஸிலாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் காலத்தில் அவர்தான் அங்கே பெரும்பகுதி வரைந்தார். ஆனால் இந்த ஜன்னலுக்கு அதைச் சொல்லக் காகிதம் இல்லாதவரை 'வடிவமைத்தவர்' கட்டத்தில் அவர் பெயரை எழுத வேண்டாம் என்பது என் கருத்து. பழையஏடு கவனிக்க!

பழையஏடு எழுதியது:

கவனித்தேன் சார், முழுச் சம்மதம். சாளரக்கல், பட்டியலில் இப்படி எழுதலாம்: 'கெம்பே அண்ட் கோ, 1910 அல்லது அதற்குச் சற்றுப் பின். ஆதாரம்: இடது கீழ்மூலையில் கோபுரத்தோடு கூடிய கதிர்க்கட்டு, 1910 கூட்டக் குறிப்பு. வாசகத்தில் உள்ள 1896 இறந்த ஆண்டு.' ஆதாரத்தை ஜன்னலின் பெயருக்குப் பக்கத்திலேயே போடுங்கள், பின்னிணைப்பில் தள்ளினால் நகல் எடுப்பவர் அதை விட்டுவிடுவார். 1910-ஐ ஒட்டிய ஃபேகல்ட்டி கோப்பையும் கேளுங்கள், அந்த வரைபடம் அதில் இருந்தாலும் இருக்கும்.

வடக்கு ஜன்னலுக்கு இப்போதைக்கு 'செய்தவர் தெரியவில்லை' என்றே எழுதுங்கள், 'லண்டன் வேலைப்பாடு' என்பதை எடுத்துவிடுங்கள். 1868-ல் கிளேட்டன் அண்ட் பெல், ஹீட்டன், பட்லர் அண்ட் பெய்ன், லேவர்ஸ், வார்டு அண்ட் ஹியூஸ், நியூகாசிலில் வில்லியம் வெய்ல்ஸ், பர்மிங்ஹாமில் ஹார்ட்மன் எல்லாரும் முழு வேகத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். வெய்ல்ஸும் ஹார்ட்மனும் லண்டனே இல்லை.

தூரிகைமுனை எழுதியது:

வடக்கு ஜன்னலின் ஓரப் பட்டையையும் மேல்துளைகளையும் நெருக்கமாக எடுத்துப் போடுங்கள், நாங்கள் எல்லாரும் பார்க்கிறோம். சாய்வு வெளிச்சத்தில் சமாரியனின் முகத்தையும். அதோடு, அந்த அழிவு நின்றுவிட்டதா, இன்னும் நடக்கிறதா என்று தெரிய வேண்டும்: ஈரமான காலையில் போய் உட்பக்கக் கண்ணாடியில் நீர் வழிகிறதா என்று பார்த்துக் குறித்து வையுங்கள், நிர்வாகத்திடமும் சொல்லுங்கள்.

சாளரக்கல் எழுதியது:

ஃபேகல்ட்டி கோப்புக்கு விண்ணப்பம் எழுதிவிட்டேன், 1868-க்கும் 1910-க்கும் சேர்த்தே கேட்டிருக்கிறேன். ஓரப் பட்டையில் ஐவி இலையும் வெள்ளை முத்துக்களும் மாறி மாறி வருகின்றன, ஒரே ஒரு இடத்தில் மட்டும் முத்துக்குப் பதில் நீலச் சதுரம் இருக்கிறது. அது பின்னால் போட்ட ஒட்டா என்று வெளிப்பக்கத்திலிருந்து பார்த்துவிட்டுப் படங்களை ஏற்றுகிறேன்.